லெவலிங் பிளேடுக்கு எந்த இரும்பு?

சேலம், நாமக்கல் பக்கத்தில் யாரிடமாவது இரும்பு பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற பதில், "நம்மூர்லயே ஸ்டீல் பிளாண்ட் இருக்குதுங்களே" என்பதுதான். என் மைத்துனர் மகன் டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண் நிரவ ஒரு பிளேடு செய்யப் போகிறேன் என்று கிளம்பிய நாளிலிருந்து இந்த வாக்கியத்தைப் பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பேன். அது போக, லாரிப் பட்டையில் செய்யுங்கள் என்றார் ஒருவர். தண்டவாளம் என்றார் இன்னொருவர். ஸ்வீடன் தகடு என்றார் செல்போனில் எல்லாம் பார்த்து வைத்திருந்த ஒரு தம்பி. ஆளுக்கு ஒரு இரும்பு.

மாப்பிள்ளைக்கு இது விளையாட்டுக் காரியம் இல்லை. திருப்பூர் வேலையை விட்டுவிட்டு ராசிபுரம் பக்கம் இருக்கும் சொந்தக் காட்டுக்கே திரும்பி வந்தவன். கடன் வாங்கிப் பழைய டிராக்டர் ஒன்றை எடுத்தான். ஒன்பது கொழுக் கலப்பையும் ரோட்டவேட்டரும் ஊரில் எல்லாரிடமும் இருக்கின்றன. உழவு வாடகையில் போட்டி அதிகம். கோழிப்பண்ணைக் கொட்டகைக்கு இடம் சமன் செய்வது, வண்டித்தடத்தை நிரவுவது, மரவள்ளி போடுவதற்கு முன் காட்டின் மேடு பள்ளத்தை எடுப்பது போன்ற சின்னச் சின்ன வேலைகளுக்கு ஜே.சி.பி.யைக் கூப்பிட்டால் கட்டுபடியாகாது. அங்கேதான் ஆறடி பிளேடு ஒன்று இருந்தால் தவணை கட்டிவிடலாம் என்பது அவன் கணக்கு. கடையில் விற்கும் பிளேடின் விலை அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. செய்துகொள்வது என்று முடிவானது. செய்த பிளேடு வாடகைக்குப் போன இடத்தில் நடுவில் உடைந்தால் அன்றைய கூலியும் போகும், அடுத்த அழைப்பும் வராது.

என்னை ஏன் இதில் இழுத்தான் என்றால், நான் புதுச்சேரியில் பொதுப்பணித் துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். சாலை போடும் மோட்டார் கிரேடருக்கு 'கட்டிங் எட்ஜ், போல்ட் நட்டுடன்' என்று கொள்முதல் கோப்பு வரும். விலைப்புள்ளி வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு மேலே அனுப்புவது என் வேலை. இயந்திரத்தைத் தொட்டதில்லை, காகிதத்தில் நன்றாகப் பழக்கம். அந்தக் கோப்புகள் எனக்கு ஒரு விஷயத்தை மனதில் பதித்திருந்தன. பிளேடு என்று நாம் ஒரே பொருளாகச் சொல்வது உண்மையில் இரண்டு. மண்ணைத் தள்ளிச் சுருட்டுகிற வளைந்த பலகை ஒன்று. அதன் அடியில் போல்ட் போட்டு மாட்டிய ஒடுக்கமான வெட்டு விளிம்பு இன்னொன்று. பலகை பல வருடம் இருக்கும். விளிம்பு தேய்வதற்கென்றே இருப்பது. அதனால்தான் கோப்பு திரும்பத் திரும்ப வந்தது.

ஆகவே 'எந்த இரும்பு' என்று ஒருமையில் கேட்டால் பதில் கிடைக்காது. பலகைக்கு எது, விளிம்புக்கு எது, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று கேட்க வேண்டும்.

முதலில் ஸ்டீல் பிளாண்ட் ஆட்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலை, எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து தருவது துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் தகடு. பாத்திரத்துக்கும் பால் தொட்டிக்கும் அருமை. நம் பிளேடு துருப்பிடித்துச் சாவதில்லை, கல்லில் உரசித் தேய்ந்து சாகிறது. பாத்திரம் செய்யும் ஸ்டெயின்லெஸ் தகடு அந்த உரசலைத் தாங்கும் அளவு கடினமானதும் அல்ல, விலையும் பல மடங்கு. ஊர்ப் பெருமை வேறு, பட்டறைக் கணக்கு வேறு.

பலகைக்குச் சாதாரண எம்.எஸ். தகடு போதும். கடையில் ஐ.எஸ். 2062 என்று கேட்டு, அதில் இ250 தரம் என்று வாங்க வேண்டும். அந்த 250க்குப் பொருள் உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன், அதாவது சுமார் 25 கிலோ இழுவை வரை தகடு நிரந்தரமாகக் கோணாது, விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்கு மேல் இ350 என்று இன்னும் வலுவான தரமும் இருக்கிறது. மாப்பிள்ளை அதைத்தான் கேட்டான்: "ஒசந்த தரத்துல போட்டா வளையாதுங்கல்ல மாமா?"

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். உறுதி வேறு, விறைப்பு வேறு. விலை குறைந்த எம்.எஸ்., விலை உயர்ந்த உருக்கு, லாரிப் பட்டை எல்லாம் ஒரே தடிமனில் இருந்தால், ஒரே பாரத்துக்கு அநேகமாக ஒரே அளவுதான் வளைந்து கொடுக்கும். உயர்ந்த உருக்கு செய்வது, இன்னும் அதிகம் வளைந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பி வருவது. வளைவதையே குறைக்க வேண்டுமானால் தடிமனைக் கூட்ட வேண்டும், அல்லது வடிவத்தை மாற்ற வேண்டும். 8 மி.மீ. தகட்டை 10 மி.மீ. ஆக்கினால் எடை கால் பங்குதான் கூடும். விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், ஏனென்றால் அது தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்தொடர்கிறது. தகட்டை வளைத்து, முதுகில் ஒரு சதுரக் குழாயைப் பற்றவைத்தால் 8 மி.மீ. தகடே 10 மி.மீ.யை விடப் பல மடங்கு விறைப்பாக நிற்கும். ஓலையை நீட்டிப் பிடித்தால் தொங்குகிறது, குழித்துப் பிடித்தால் நிமிர்கிறதே, அதே சங்கதி.

எடைக் கணக்கு என் பங்கு. ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு மி.மீ. தடிமனுக்கு 7.85 கிலோ. ஆறடி நீளம், 18 அங்குல உயரம், 8 மி.மீ. என்றால் சுமார் 52 கிலோ, 10 மி.மீ. என்றால் 65. இரும்பைக் கிலோ விலையில்தான் விற்கிறார்கள் என்பதால் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போனால் கடைக்காரர் கொஞ்சம் மரியாதையாகப் பேசுகிறார். பட்டறையில் இன்னொரு பாஷை. பள்ளியில் எனக்கு மில்லிமீட்டர் தவிர வேறு தெரியாது. ஆசாரி 'மூணு நூல் தகடு' என்பார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, மூன்று நூல் 9.5 மி.மீ. கடையில் போய் அதைக் கேட்டால் 10 மி.மீ. தருவார்கள். நாங்கள் 8 மி.மீ. எடுத்து, நாமக்கல்லில் தகடு உருட்டும் மெஷின் வைத்திருக்கும் ஒரு பட்டறையில் வளைத்து வாங்கினோம்.

அதற்கு முன் ஒருவர் எளிய வழி சொன்னார்: 24 அங்குலக் குழாயை நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் ஒரு துண்டு வளைவின் வழியே 19 அங்குலம் வரும், உருட்டவே வேண்டாம் என்று. கணக்கு சரி. பிளக்கும்போது குழாய்க்குள் அடங்கியிருந்த இழுவிசை விடுபட்டுத் துண்டு முறுக்கிக்கொள்ளும். அதைத் திருத்த ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான். அவரே அடுத்த வாரம் வந்து, பழைய டேங்கர் ஒன்று உடைக்கக் கிடக்கிறது, அதன் தகடு வளைவாகவே இருக்கிறது என்றார். அதற்கு மட்டும் நான் உடனே வேண்டாம் என்று சொன்னேன். எரிபொருளோ கேஸோ இருந்த தொட்டி காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். முறைப்படி கழுவி, ஆவியை வெளியேற்றிச் சோதிக்காமல் கேஸ் கட்டரை வைத்தால் வெடிக்கும். தகட்டு விலையில் மிச்சம் பிடிக்கும் இடம் அது இல்லை.

இனி விளிம்பு. இதுதான் உண்மையான கேள்வி.

ராசிபுரம் பக்கத்துச் செம்மண்ணில் வெங்கச்சங்கல் நிறைய. வெள்ளை வெளேர் என்று சின்னச் சின்னதாக மேலேயே கிடக்கும். அது குவார்ட்ஸ். எந்த எஃகு விளிம்பை விடவும் அது கடினம் என்பதால் தேயாத விளிம்பு என்று ஒன்று கிடையாது. எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது, தேய்ந்ததை எவ்வளவு சுலபமாக மாற்றலாம் என்ற இரண்டு கேள்விகள்தான் உண்டு. பரமத்தி வேலூர் பக்கம் காவிரிக் கரை வண்டல் மண்ணில், வாழையும் வெற்றிலையும் போடுகிற இடத்தில், விளிம்புக்கும் எம்.எஸ். பட்டையே போட்டு ஓட்டலாம். நம் சரளைக் காட்டில் அது ஒரு கோடைக்குத் தாங்காது.

ஸ்வீடன் தகடு என்று அந்தத் தம்பி சொன்னது ஹார்டாக்ஸ். டிப்பர் லாரித் தொட்டிக்கும் சுரங்க இயந்திர வாளிக்கும் போடுவது. பெயருக்குப் பின்னால் வரும் 400, 500 என்பவை பிரினெல் கடினத்தன்மை எண்கள். நம் எம்.எஸ். தகடு அதே அளவுகோலில் 120, 140 என்று நிற்கும். மாப்பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது. "அதுல போட்டா ஆயுசுக்கும் தேயாதாமுங்க மாமா" என்றான். பட்டறை ஆசாரி சிரித்தார். "தேயாத இரும்பு எங்கீங்க இருக்குது? அந்தத் தகடு நல்ல தகடுதானுங்க. டிப்பர் கட்டுற எடத்துல வெட்டுத் துண்டு கெடச்சா எடுத்துட்டு வாங்க, வேண்டாங்கலை. முழுத் தகடு வாங்கிப் பொலகைக்கும் அதையே போடறதா இருந்தா, அந்தக் காசுக்கு இன்னொரு டிராக்டர்க்கு அட்வான்ஸ் குடுங்க." வெட்டுத் துண்டு கிடைத்தது, மூன்றடிக்கு மேல் நீளமும் இல்லை, நாலு விரல் அகலமும் இல்லை. விட்டுவிட்டோம்.

தண்டவாளம் நல்ல உருக்குதான். கார்பனும் மாங்கனீசும் தாராளமாக உள்ளது. ஆனால் 1966ஆம் ஆண்டே ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்குத் தனிச் சட்டம் போட்டாகிவிட்டது. ஏலத்தில் எடுத்த ரசீது இல்லாத தண்டவாளத் துண்டைப் பட்டறையில் வைத்திருப்பது வம்பை விலைக்கு வாங்குவது. வடிவமும் விளிம்புக்குத் தோதில்லை.

மிச்சம் இருந்தது லாரிப் பட்டை. நாமக்கல்லில் இருந்துகொண்டு அதை விட்டு வேறு எதையோ தேடுவது காவிரிக் கரையில் கிணறு வெட்டுவது போல. லாரிக்குப் பாடி கட்டும் ஊர். சங்ககிரி பக்கம் வீட்டுக்கு வீடு லாரிக்காரர்கள். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள். கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டை மலையாகக் கிடக்கிறது, கிலோ கணக்கில் தருகிறார்கள். நம் வெட்டரிவாளும் கொடுவாளும் பல பட்டறைகளில் இதிலிருந்துதான் பிறக்கின்றன. பிரெஞ்சில் இந்தப் பட்டைக்கும், கத்தியின் அலகுக்கும் 'லாம்' என்று ஒரே சொல். பள்ளிக்கூடத்தில் அகராதியில் பார்த்தபோது வேடிக்கையாக இருந்தது. பட்டறையில் நின்றபோது நியாயமாகப் பட்டது.

இந்தப் பட்டை உருக்கில் கார்பன் நூற்றுக்கு அரை முதல் 0.6 வரை, சிலிக்கன் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை, மாங்கனீசு ஒன்றுக்குச் சற்றுக் குறைய இருக்கும். குரோமியமும் வனேடியமும் சேர்ந்த வகையும் உண்டு. எம்.எஸ்.ஸில் கார்பன் கால் பங்குக்கும் கீழே. கிரைண்டரில் வைத்தாலே வித்தியாசம் தெரியும். எம்.எஸ். தகட்டின் பொறி நீளமாக, நேராக, சாதுவாகப் போகும். பட்டையின் பொறி நுனியில் மத்தாப்புப் போல வெடிக்கும். ஆசாரி எனக்காக இரண்டையும் அடுத்தடுத்து உரசிக் காட்டினார்.

மாங்கனீசு என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாகச் சேலத்தில் இருந்தவர். இங்குள்ள இரும்புக் கனிமத்தைப் பார்த்து மயங்கி, 1830 வாக்கில் எங்கள் கடலூர்க் கடற்கரைக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். உலைக்குக் கரி போட்டு மாளவில்லை, ஆலை நொடித்தது. அவர் இங்கிலாந்து போய், உருக்கில் மாங்கனீசு சேர்த்தால் அது சம்மட்டிக்கு நொறுங்காமல் இணக்கமாகிறது என்று காட்டி 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உற்பத்தியாளர்கள் அவர் சொன்ன கலவையைச் சற்றே மாற்றிப் பயன்படுத்திக்கொண்டு அவருக்குப் பணம் தரவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1851இல் இறந்துபோனார். கஞ்சமலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். காப்புரிமை மனுவில் ஒரு வார்த்தையை அகலமாக எழுதியிருக்கலாம் என்று தோன்றும். எழுத்தர் புத்தி.

பட்டைக்கு வருகிறேன். அதன் கெட்ட குணம், வெல்டிங்கை ஏற்காது. பக்கத்து ஊரில் ஒருவர் பட்டையை அப்படியே பலகையில் பற்றவைத்து ஓட்டினார். பார்க்க வெல்டிங் அழகாக இருந்தது. சில நாளில் ஒரு கல்லில் மோதி, வெல்டிங் ஓரமாகவே இரண்டு சாண் துண்டு கண்ணாடி போல விண்டு, பின் டயரில் கிழித்தது. ஆள் நிற்கும் பக்கம் போயிருந்தால் கதை வேறு. காரணம் எளிது: வெல்டிங் சூட்டில் சிவந்த இடத்தைச் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு சட்டென்று உறிஞ்சிக் குளிர வைக்கிறது, கார்பன் அதிகமுள்ள உருக்கு அப்படிக் குளிர்ந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பட்டையை 250, 300 டிகிரிக்கு முன்கூட்டியே சூடேற்றி, 7018 ராடை அடுப்பில் காயவைத்து எடுத்துப் பற்றவைத்து, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் தாங்க வாய்ப்பு உண்டு. ஆறடி நீளத்துக்கு இத்தனையும் செய்ய யாருக்குப் பொறுமை? அப்படியே செய்தாலும், தேய்ந்த பிறகு அறுத்து எடுக்க வேண்டும். கிரேடர் கோப்பில் எப்போதும் போல்ட் நட்டுடன் என்று இருந்ததை மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

பட்டை பொறுக்குவதே ஒரு வேலை. வருடக்கணக்கில் லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், முக்கியமாக நடு போல்ட் துளையைச் சுற்றி. ஆசாரி துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவி, சற்றுப் பொறுத்துத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினார். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து தூளில் கோடு போடும். ஏழில் மூன்று அப்படிக் கோடு காட்டின. மிச்சம் நான்கில், 14 மி.மீ. தடிமனுள்ள இரண்டை எடுத்து, நடுத்துளையை ஒதுக்கி, மூன்றடித் துண்டு இரண்டு வெட்டினோம்.

பிறகு உலை. பழுக்கக் காய்ச்சிச் சாம்பல் குழியில் ராத்திரி முழுக்க ஆறவிட்டார். அதில் பட்டை இளகியது. வளைவை நிமிர்த்தி, துண்டுக்கு ஐந்து துளை சாதாரண டிரில்லிலேயே போட முடிந்தது. கேஸ் கட்டரில் துளை ஊதிவிடலாம் என்று மாப்பிள்ளை அவசரப்பட்டான். ஊதிய துளையின் ஓரம் கருகிக் கடினமாகி அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும் என்று ஆசாரி விடவில்லை. துளை முடிந்ததும் மறுபடி உலை. காந்தம் ஒட்டாமல் போகும் சூடு ஏறக்குறைய 770 டிகிரி. அதற்கும் மேலே கொஞ்சம் போய், நிறம் பார்த்து எடுத்து எண்ணெயில் இறக்கினார். தண்ணீரில் இறக்கினால் இந்த உருக்கு வெடிக்கும். எண்ணெயில் இறங்கிய பட்டை அரத்துக்குப் பிடி கொடுக்கவில்லை, ஆனால் அந்த நிலையில் கல்லில் மோதினால் உடைந்துவிடும். ஆகவே பதம் இறக்க வேண்டும். எண்ணெயில் தோய்த்துச் சூடேற்றி, மேலே ஒட்டிய எண்ணெய் பற்றி எரிந்து அடங்கும்வரை வைத்து, மறுபடி தோய்த்து, மூன்று முறை. வெப்பமானி கிடையாது.

"எத்தனை டிகிரிங்க ஆசாரி?" என்று கேட்டேன்.

"எண்ணெ பத்துற சூடுங்க சார்" என்றார். நோட்டுப் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

போல்ட், ஜே.சி.பி. உதிரிபாகக் கடையில் கிடைக்கும் தலை அமுங்கிய சதுரக் கழுத்து வகை. மண் ஓடும் பக்கம் தலை துருத்திக்கொண்டு இருக்காது; நட்டு முதுகுப் பக்கம். மோதல் வந்தால் முதலில் அறுபடுவதற்கென்று பிளேடின் சாய்வைப் பிடித்திருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சாதாரண எம்.எஸ். போல்ட் போட்டோம். அது போன கோடையில் இரண்டு முறை அறுந்தது. டூல் பாக்ஸில் நாலு உபரி கிடக்கிறது. பத்து நிமிட வேலை.

முதல் வாடகை ஒரு கோழிப்பண்ணை இடம், அடுத்தது சேகோ ஆலை ஒன்றின் காயப்போடும் களத்துக்கு அடிமண் நிரவியது. ஆடி பிறப்பதற்குள் இரண்டு தவணை கட்டிவிட்டான். ஆடியில் வெர்னியர் வைத்து அளந்தோம். நடுவில் 6 மி.மீ. தேய்ந்திருந்தது, வெளி ஓரங்களில் 11. ஓரம்தான் எப்போதும் முதலில் புதிய மண்ணில் இறங்குகிறது. துண்டு இரண்டாக இருந்ததில் ஒரு லாபம்: இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினால் தேயாத நுனிகள் வெளியே வருகின்றன. பத்து நட்டில் ஏழு சாவிக்கு வந்தது. மூன்று பிடித்துக்கொண்டு அறுக்க வேண்டியதாயிற்று. இனி மாட்டும்போது மரைக்குக் கிரீஸ் தடவச் சொல்லியிருக்கிறேன். பலகை ஒரு நூல்கூடக் கோணவில்லை.

அடுத்த ஜோடிப் பட்டை இப்போது ஆசாரியின் சாம்பல் குழியில் இருக்கிறது. இந்த முறை துண்டுக்கு ஆறு துளை போடலாமா என்று மாப்பிள்ளை கேட்கிறான்; ஐந்தே போதும், பலகையில் இருக்கிற துளைக்குத்தானே பொருந்த வேண்டும் என்கிறார் ஆசாரி.